எட்டு ராஜ்மா முளைகள்

தீவு, 19 அக்டோபர் 1983

யோருன்,

நீ எழுதும்வரை நான் எழுதக்கூடாது என்று சொல்லியிருந்தாய். நான்கு மாதம் எழுதவில்லை. இது நம்மைப் பற்றிய கடிதம் இல்லை, பயறைப் பற்றியது. நீ உயிரியல் வாத்தியார். எனக்குத் தெரிந்தவர்களில் இதற்குப் பதில் தெரிந்திருக்கக்கூடியவள் நீ ஒருத்திதான்.

இந்த வடகோடி வானிலை நிலையத்தில், சமைக்கிற என்னையும் சேர்த்து ஒன்பது பேர் இருக்கிறோம். பச்சை என்றால் பாசி மட்டும்தான். முட்டைக்கோஸ் செப்டம்பரிலேயே வாடிவிட்டது. அதனால் சாடிகளில் பயறு முளைகட்டிப் பார்த்தேன். ஏதோ ஒரு பத்திரிகையில் படித்த முறை. ஒரு ராத்திரி ஊறவைத்து, சாடி வாயை வலைத்துணியால் கட்டி, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவன்போல் சாய்த்து வைத்து, காலையும் மாலையும் அலசினேன். கிட்டங்கியில் ஒரு மூட்டை ராஜ்மா இருந்தது. ஐந்தாம் நாள் நக நீளத்துக்கு முளை விட்டது. வெள்ளை வெளேரென்று, மொறுக்கென்று, பார்க்கவே ஆசையாக இருந்தது.

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை மதியம் அதை சாலட்டில் போட்டேன். ஏழு பேர் சாப்பிட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் ஏழு பேரும் விழுந்துவிட்டார்கள். வாந்தி, பேதி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகல். ஒரு கழிவறையில் ஏழு பேர் என்றால் நீயே நினைத்துப் பார்த்துக்கொள். மெக்கானிக் ஷெல் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. மற்றவர்கள் ராத்திரிக்குள் தேறிவிட்டார்கள்.

ரேடியோவில் பேசிய டாக்டர், "தண்ணி அழுக்கா இருக்கும், சாடி அழுக்கா இருக்கும்" என்றார். நிலையத் தலைவர் குன்வால் சாடிகளை வெளியே கொண்டுபோய்ப் பாறையில் கவிழ்த்தார். "இனிமே உயிரோட வளர்ற எதுவும் என் தட்டுக்கு வரக்கூடாது" என்றார்.

சாடிகளைக் கொதிநீரில் கழுவியது நான். அவை அழுக்காக இல்லை. என்ன தப்பு செய்தேன் என்று தெரியவில்லை. தெரிந்தால் எழுது.

ரேடியோ தொலைபேசி இருக்கிறது. ஆனால் அதில் பேசினால் எல்லோரும் கேட்பார்கள். நாளை ஹெலிகாப்டர் வருகிறது, அதில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஐலிஃப்


ஸ்வோல்வேர், 9 நவம்பர் 1983

ஐலிஃப்,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் ஒரு நாள் வைத்திருந்தேன். என்னவெல்லாமோ எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். பிரித்தால் பயறு.

நல்லது. பயறைப் பற்றியே பேசுவோம்.

அழுக்குத் தண்ணீர் என்று எனக்குத் தோன்றவில்லை. கிருமி என்றால் பெரும்பாலும் அரை நாள், ஒரு நாள் எடுத்துக்கொண்டுதான் வயிற்றில் பெருகும். இரண்டு மணி நேரத்தில் ஏழு பேரையும் ஒரே சமயத்தில் தள்ளியது என்றால், அது சாப்பாட்டில் முன்பே தயாராக இருந்த ஏதோ ஒன்று. ஆனால் நீ எழுதியதை வைத்துக்கொண்டு அதற்குமேல் சொல்ல முடியாது. நீ எப்போதும் பாதியைத்தான் சொல்வாய்.

சாலட்டில் வேறு என்ன இருந்தது? அதே தண்ணீரைத்தானே காப்பிக்கும் எடுத்தீர்கள், அதைக் குடித்து யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையா? ஷெல் மட்டும் மூன்று நாள் படுத்தான் என்றால் அவன் அதிகம் சாப்பிட்டானா, அல்லது அவன் உடம்பே அப்படியா? மூட்டையில் ஏதாவது சாயம் இருந்ததா? விதைப்புக்காக விற்கிற விதைக்குப் பூஞ்சை மருந்து பூசி ரோஜா நிறம் கொடுத்திருப்பார்கள், அதைத் தின்னக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது: நீங்கள் ஒன்பது பேர். விழுந்தது ஏழு. மீதி இரண்டு பேர் யார்? அவர்கள் என்ன சாப்பிட்டார்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், உன் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது இதைத்தவிர வேறெதையும் என்னால் யோசிக்க முடியவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பரீட்சைத்தாள்கள் மேசைமேல் கிடக்கின்றன.

நீ நலமாக இருக்கிறாயா என்பதையும் எழுதலாம். கட்டாயமில்லை.

யோருன்


தீவு, 30 நவம்பர் 1983

யோருன்,

நலம். சூரியன் போய் மூன்று வாரமாகிறது, இனி பிப்ரவரி வரை இருட்டுதான்.

மூட்டையில் சாயம் இல்லை. சமையலுக்கென்றே வந்த ராஜ்மா. சாலட்டில் வாடாமல் மிஞ்சிய முட்டைக்கோஸ் கொஞ்சம், டப்பா அன்னாசி, புளித்த க்ரீம், அதன்மேல் முளை. அதே தண்ணீரில் போட்ட காப்பியை எல்லோரும் குடித்தோம், ஒன்றும் ஆகவில்லை. அன்னாசியும் க்ரீமும் மறுநாள் மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டேன், அதனாலும் ஒன்றும் இல்லை. ஷெல் இரண்டு தடவை போட்டுக்கொண்டான். "கடிக்கிறதுக்கு ஏதோ உசிரோட இருக்கிற மாதிரி இருக்கு குக்கு" என்று சொல்லித் தட்டைத் திரும்ப நீட்டினான். அவன் சொன்ன ஒரே பாராட்டு அது.

விழாத இருவரில் ஒருவர் ஓட்வார். பலூன் விட்டுக் காற்றை அளப்பவர். சாலட் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாலே, "நான் ஆடு இல்லப்பா" என்பார். அவர் தொடவே இல்லை.

மற்றவன் நான்.

அதுதான் இங்கே பிரச்சினை. அன்றைக்கு எனக்குக் கடைவாய்ப் பல் உடைந்திருந்தது, கடிக்க முடியவில்லை. என் பங்கு முளையை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த மீன் சூப்பில் போட்டுவிட்டேன். பரிமாறி முடித்து உட்கார்ந்து அதைக் குடித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை அவர்களிடம் சொன்னேன். "ஓஹோ, குக்குக்கு மட்டும் தனி சூப்பா" என்றார் குன்வால். வேண்டுமென்றே செய்தேன் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நான் தட்டு வைத்தால் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கரண்டி எடுக்கிறார்கள். தலைவர் அறிக்கை எழுதி வைத்திருக்கிறார். மார்ச்சில் கப்பலில் வேறு சமையல்காரர் வரலாம்.

ஒரே மேசையில் ஒன்பது பேர், வெளியே இருட்டு. எட்டு பேர் என்னை நம்பவில்லை.

ஐலிஃப்


ஸ்வோல்வேர், 18 டிசம்பர் 1983

ஐலிஃப்,

சூப். சூப் என்று படித்ததும் ஆசிரியர் அறையில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கணக்கு வாத்தியார் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

உன் முளை கொதித்தது, அவர்களுடையது கொதிக்கவில்லை. ஒரே சாடி, ஒரே தண்ணீர், ஒரே நாள். வித்தியாசம் சூடு ஒன்றுதான். ஆனால் தோன்றியதை வைத்து முடிவு சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். அதனால் செய்து பார்த்தேன்.

மூன்று சாடி. ஒன்றில் பச்சை மசூர், ஒன்றில் பாசிப்பயறு, ஒன்றில் ராஜ்மா. சாடியைக் கொதிநீரில் கழுவினேன், குழாய்த் தண்ணீரில் அலசினேன். மசூர் முளையை ஒரு பிடி பச்சையாகத் தின்றேன். பட்டாணிபோல் ருசி, ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் பாசிப்பயறு. அதிலும் ஒன்றும் இல்லை, ரொட்டியில் வெண்ணெய் தடவி மேலே தூவினால் பிரமாதம். பத்தாம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ராஜ்மா முளை எட்டு எண்ணித் தின்றேன்.

பதினொன்றரைக்கு ஒன்றும் இல்லை. நீ பொய் சொல்கிறாயோ என்றுகூடத் தோன்றியது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நோட்டுப் புத்தகத்தில் "லேசான குமட்டல்" என்று எழுதினேன். அதற்கடுத்த வரியை என்னாலேயே இப்போது படிக்க முடியவில்லை. ஆறு தடவை. குளியலறைத் தரையில் படுத்திருந்தேன், ஓடு குளிர்ச்சியாக இருந்தது, அது ஒன்றுதான் நன்றாக இருந்தது. மாலை ஐந்துக்கு எழுந்து தேநீர் போட்டுக் குடித்தேன்.

நேற்று சனிக்கிழமை, குளிர்பெட்டியில் வைத்திருந்த மீதியை நன்றாகக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு அதே எட்டு. ஒன்றும் ஆகவில்லை.

மாவட்ட மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். முதலில் திட்டினார். பிறகு ஒரு மருத்துவ இதழைத் தேடி எடுத்துக் காட்டினார். ராஜ்மாவிலேயே ஒரு புரதம் இருக்கிறதாம், அது குடல் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. முளைகட்டினால் கொஞ்சம் குறையும், போகாது. கொதித்தால் அழியும். வெதுவெதுப்பில் வைத்தால் ஆபத்து இன்னும் கூடும். ஆகவே உன் கை சுத்தம், சாடி சுத்தம், தண்ணீர் சுத்தம். விதைதான் அப்படி.

ஒரு பார்சல் அனுப்புகிறேன். கிரெஸ் கீரை விதை, மசூர், பாசிப்பயறு, தளிருக்குப் பட்டாணி, புல்லுக்குக் கோதுமை. எல்லாம் தின்பதற்கென்று விற்கப்படுபவை, மருந்து பூசாதவை. புளித்த வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடு.

இன்னொன்று. எந்தப் பத்திரிகை அது? ராஜ்மாவைப் பச்சையாகத் தின்னலாம் என்று எழுதியவருக்குக் கடிதம் எழுத வேண்டும்.

இதை உனக்காகச் செய்ததாக நினைத்துக்கொள்ளாதே. எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

யோருன்


தீவு, 20 ஜனவரி 1984

யோருன்,

நீ தரையில் படுத்திருந்தபோது வீட்டில் யார் இருந்தார்கள்? யாரும் இல்லை. கதவு பூட்டியிருந்திருக்கும். ஷெல்லுக்கு மூன்று நாள் ஆனது என்று நான் எழுதியிருந்தேனே, அதைப் படித்த பிறகும் எட்டு தின்றிருக்கிறாய். இதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். வெண்ணெய் ரொட்டியைப் பற்றி எழுதிய வரியையும் தரையைப் பற்றி எழுதிய வரியையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறாய். என்னால் அப்படிப் படிக்க முடியவில்லை.

கடிதத்தை குன்வாலிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தார்.

"உம் பொண்டாட்டி, தனியா இருந்துக்கிட்டு, வேணும்னே தின்னாளா?"

"ஆமா."

"எட்டு எண்ணியா?"

"எண்ணித்தான் செய்வா."

"இப்படி ஒருத்திய விட்டுட்டு இங்க எதுக்குய்யா வந்த?"

கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

தடையை எடுத்தார், ஒரு நிபந்தனையோடு. எது முளைத்தாலும் முதலில் நான் எல்லோர் முன்னாலும் பச்சையாகத் தின்ன வேண்டும், பிறகு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டர் அறை வெதுவெதுப்பாக இருக்கும், அங்கேதான் சாடிகள். முதல் மசூர் முளையை ஞாயிற்றுக்கிழமை தின்றேன். எட்டு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, நடுவில் கடிகாரத்தை வைத்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்வார் பந்தயம் கட்டினார். இரண்டேகால் மணி நேரத்தில் எனக்கு ஏப்பம் வந்தது. ஒருவர் எழுந்து கழிவறைக் கதவைத் திறந்து வைத்தார்.

மூன்று மணி நேரம் ஆனதும் ஷெல் எழுந்து வந்தான். கிண்ணத்தில் கைவிட்டு ஒரு முளையை எடுத்தான், ஒன்றே ஒன்று. வெகுநேரம் மென்றான். விழுங்கிவிட்டுப் போனான்.

கிரெஸ், ஈரப் பஞ்சில் மூன்றாம் நாளே பச்சை பிடித்துவிட்டது. விளக்குப் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. வேலை இருப்பவனும் இல்லாதவனும் அந்த அறைக்குள் போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வருகிறான்.

பத்திரிகையின் பெயர் நினைவில் இல்லை. கிழிந்த பக்கம்.

ஐலிஃப்


ஸ்வோல்வேர், 12 பிப்ரவரி 1984

ஐலிஃப்,

பெயர் நினைவில் இல்லையா. நான் சொல்கிறேன். 'அடுப்பங்கரை', 1981 மார்ச் இதழ், பக்கம் முப்பத்தொன்று. "ஜன்னலோரத் தோட்டம்". எழுதியவர் யோருன்.

ஒரு வாரத்துக்கு முன் பிள்ளைகளுக்கு முளைகட்டுவதைச் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். "கிணத்துக்குள்ள எட்டிப் பாக்கிறவன் மாதிரி சாடியைச் சாய்ச்சு வைங்க" என்று என் வாயிலிருந்தே வந்தது. சொல்லி முடிக்கும்போதே உன் முதல் கடிதம் நினைவுக்கு வந்துவிட்டது. அது உன் பேச்சு இல்லை. நீ சாடியைச் சாடி என்று மட்டும்தான் சொல்வாய். அன்று மாலை வீட்டுக்கு வந்து பழைய இதழ்களைக் கொட்டித் தேடினேன். இருந்தது. "உங்கள் சமையலறையில் இருக்கும் எந்தப் பயறையும், எந்த பீன்ஸையும் இப்படி முளைகட்டிப் பச்சையாக சாலட்டில் சேர்க்கலாம்." எந்த பீன்ஸையும். என் வாக்கியம். நான் ராஜ்மாவை ஒருநாளும் செய்து பார்த்ததில்லை. பாசிப்பயறில் சரியாக வந்தது, எல்லாவற்றிலும் வரும் என்று எழுதிவிட்டேன்.

ஏழு பேரைத் தள்ளியது நான். உன்மேல் பழி விழுந்தது. உனக்கு முதல் நாளே தெரியும். நீ சொல்லவில்லை.

நீ என்னைக் காப்பாற்றினாய் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். யார் கேட்டார்கள்? அந்த இதழ் முப்பதாயிரம் பிரதி போகிறது. நீ அக்டோபரிலேயே ஒரு வரி எழுதியிருந்தால் அக்டோபரிலேயே திருத்தம் போட்டிருக்கலாம். இந்த நான்கு மாதத்தில் எத்தனை வீட்டில், எத்தனை பிள்ளைகள்? உன் வாய் மூடியிருப்பது உனக்கு நல்ல குணமாகத் தெரிகிறது. பக்கத்தில் இருப்பவருக்கு அது எப்படி இருக்கும் என்று பதினோரு வருடம் உன்னிடம் சொல்லிப் பார்த்தேன்.

இதழாசிரியர் போர்கில்ட்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "மூணு வருஷம் ஆச்சேம்மா. ஒருத்தரும் குறை சொல்லி எழுதல. இப்பப் போட்டா நாங்க எழுதுற எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க" என்றாள். "எனக்கு நானே விஷம் வச்சுப் பாத்தேன், நான் எழுதுறேனே குறை" என்றேன். "நீங்களே எழுதினதுக்கு நீங்களே குறையா" என்று சிரித்தாள். வைத்துவிட்டாள்.

இத்துடன் குன்வாலுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். ஒட்டியிருக்கிறது. அவரிடம் கொடு. நீ கொடுக்காமல் வைத்துக்கொண்டால் அதுதான் நமக்குள் கடைசி.

யோருன்


தீவு, 6 மார்ச் 1984

யோருன்,

கொடுத்தேன்.

நீ கேட்காவிட்டாலும் இதை எழுதுகிறேன். இங்கே படிக்க ஒரு பெட்டி நிறையப் பழைய இதழ்கள் இருக்கின்றன, யாரோ ஒருவர் மனைவி அனுப்பியவை. ஆகஸ்டில் புரட்டியபோது உன் பெயரைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. சாலட்டுக்காக ஆரம்பிக்கவில்லை. அதில் நீ பேசுவதுபோலவே இருந்தது. காலையில் அலசு, மாலையில் அலசு என்று நீ சொல்ல, நான் செய்வதுபோல இருந்தது. அவர்கள் விழுந்தபிறகு எங்கே படித்தாய் என்று குன்வால் கேட்டார். என் மண்டையில் தோன்றியது என்றேன். வேறு வீடுகளைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. நீ சொல்வது சரி. அது நல்ல குணம் இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

குன்வால் உன் கடிதத்தை இரவுச் சாப்பாட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். முடித்துவிட்டு மடித்தார்.

"ஆக, நம்மளச் சாய்ச்சது குக்கு இல்ல. குக்கோட பொண்டாட்டி."

"ரெண்டு பேரும் சேர்ந்து சாய்ச்சிருக்காங்க" என்றார் ஓட்வார். "நான் ஆடு இல்லைன்னு அன்னைக்கே சொன்னேன். எவன் கேட்டான்."

எல்லோரும் ஷெல்லைப் பார்த்தார்கள். அவன்தான் அதிகம் பட்டவன். அவன் ரொட்டியில் பழுப்புச் சீஸ் வைத்து, அதன்மேல் கிரெஸ்ஸைக் கிள்ளி வைத்துக்கொண்டிருந்தான்.

"அந்தம்மாவுக்கு ஆறு தடவை. எனக்குப் பதினோரு தடவை" என்றான். "ஆனா நான் தெரியாம தின்னேன்." பிறகு என் பக்கம் திரும்பினான். "நீ ஏன்யா வாயத் தொறக்கல? மூணு மாசமா ஒன்ன என்னென்னவோ நெனச்சேன். மனசு கெட்டுப்போச்சு எனக்கு."

கரண்டியைக் கீழே வைத்தேன். பிறகு பேசினேன். பெட்டி, இதழ், நீ, எல்லாவற்றையும். அவ்வளவு நேரம் நான் பேசி அவர்கள் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அறிக்கையை குன்வால் கிழித்துவிட்டார். போர்கில்ட் அம்மாள் ஒருத்தரும் குறை சொல்லவில்லை என்றாளாமே என்று கேட்டார். "ஏழு பேர் இருக்கோம், எழுதுவோம்" என்றார். அவர் எழுதினால் வானிலைக் குறிப்புபோலத்தான் வரும். "12.10: சாலட். 14.05: முதல் வாந்தி. 14.30: எல்லா அறைகளிலும் பரவியது. 19.00: தணிந்தது, ஓர் இடம் நீங்கலாக." ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். சாப்பிடாத சாட்சி என்று ஓட்வாரும் போட்டார். நிலைய முத்திரையும் குத்தி இதே ஹெலிகாப்டரில் போகிறது.

கோதுமைப்புல் ஒரு சாண் வளர்ந்துவிட்டது. வெட்டி, கறி அரைக்கும் இயந்திரத்தில் போட்டு, துணியில் பிழிந்தேன். ஒரு தட்டுப் புல்லுக்கு ஒரு மிடறு சாறு வருகிறது. வேலிப்புல்லை நக்கியதுபோல் இருக்கிறது. டப்பா ஆப்பிள் சாற்றில் கலந்தால் இறங்குகிறது. இதனால் உடம்புக்கு என்ன ஆகும்? பெட்டியில் இருக்கும் இதழ்களில் எல்லாம் ஆகும் என்று போட்டிருக்கிறது. நீ சொன்னால் நம்புவேன்.

ஐலிஃப்


ஸ்வோல்வேர், 10 ஏப்ரல் 1984

ஐலிஃப்,

எல்லாம் ஆகாது. அது கீரை. கீரையால் ஆவது ஆகும், அவ்வளவுதான். ருசி பிடித்தால் குடி. இனி எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்.

போர்கில்ட் போட்டுவிட்டாள். முழுப்பக்கம், என் பெயரோடு, குன்வாலின் குறிப்பை அப்படியே கட்டம் கட்டி. "முத்திரையெல்லாம் குத்தி அனுப்பியிருக்காங்களே, எப்படிப் போடாம இருக்கிறது" என்று தொலைபேசியில் அலுத்துக்கொண்டாள். உன் ஆட்களுக்கு என் நன்றி. ஷெல்லுக்கு எழுதிய கடிதம் தனியாக இருக்கிறது, அதில் மன்னிப்பு மட்டும்தான்.

இதுவரை பதினான்கு கடிதம் வந்திருக்கிறது. பாதி, நான் பெரிய முட்டாள் என்று. இரண்டு, ராஜ்மாவுக்குப் பதில் வேறென்ன முளைகட்டலாம் என்று. ஒரு கடிதம் மேற்குக் கரையில் ஒரு பண்ணையிலிருந்து. என் பழைய பக்கத்தைப் பார்த்து வீட்டில் ராஜ்மா முளைகட்டியவள்; தொலைபேசி எண் கொடுத்திருந்தாள், கூப்பிட்டேன். அந்தப் பெண் முதலில் அழுதாள், பிறகுதான் பேசினாள்.

"மூணு தடவை எம் பொண்ணத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிட்டாங்க. எட்டு வயசு. சாலட்டப் பாத்தாலே மாட்டேன்னு கத்துவா. வேணும்னே வாந்தி எடுக்கிறான்னு நெனச்சு அடிச்சிருக்கேங்க."

"அது நான் எழுதினதுதான்" என்றேன். "தெரியும், அதனாலதான் உங்களுக்கு எழுதினேன்" என்றாள். அந்தக் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டதாகச் சொன்னாள். குழந்தை, "நான்தான் சொன்னேன்ல" என்றதாம். அதைச் சொல்லும்போது அவள் கொஞ்சம் சிரித்தாள். எனக்கு இரண்டு நாள் பாடம் நடத்த ஓடவில்லை.

அந்தக் குழந்தை வாய் திறந்துதான் சொன்னது, கேட்கத்தான் ஆளில்லை. இதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நீ பேசவில்லை என்று பதினோரு வருடம் குறை சொன்னேன். நான் கேட்கிறவிதத்தில் கேட்டேனா என்று தெரியவில்லை. பரீட்சைத்தாள் திருத்துகிறவள்போல் கேட்டிருப்பேன்.

அதனால் இப்போது கேட்கிறேன், திருத்துவதற்காக இல்லை. நிஜமாகவே எனக்குத் தெரியாது. போன ஜூன் மாதம் ஒரு ராத்திரி, நாளைக் காலை கப்பல் என்று சொன்னாய். பெட்டி கட்டியிருந்தது. ஏன்?

யோருன்


தீவு, 2 மே 1984

யோருன்,

வேலை போய்விட்டது. நான் சமைத்த படகு உணவகத்தைப் போன வருடம் ஏப்ரல் கடைசியிலேயே மூடிவிட்டார்கள். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு ரொட்டி கட்டிக்கொண்டு கிளம்பினேன். துறைமுகக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருப்பேன், சலித்தால் கருவாட்டுப் பந்தல் பக்கம் நடப்பேன். மாலை வீட்டுக்கு வந்து கூட்டம் அதிகம் என்று சொல்வேன். ஐந்து வாரம். முதல் நாள் சொல்லியிருந்தால் வேலை போன செய்தி மட்டும்தான். பத்தாம் நாள் சொன்னால் பத்து நாள் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாள் ஆக ஆகக் கூடிக்கொண்டே போனது. இந்தத் தீவு வேலை கிடைத்ததும் எதையும் சொல்லாமலே தப்பிக்க ஒரு வழி கிடைத்ததுபோல் இருந்தது. அவ்வளவுதான் காரணம். உன்மேல் கோபம் எதுவும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை.

எழுதிவிட்டேன். நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கிறது.

இன்னொரு விஷயம். குன்வால் இன்னொரு குளிர்காலம் தங்கச் சொல்கிறார். ஷெல்லும் இருக்கிறான். "நீ போனா அந்தச் சாடியெல்லாம் யார் அலசுறது" என்கிறான். ஓட்வார்கூடப் பட்டாணித் தளிர் தின்னத் தொடங்கிவிட்டார், அது கீரை இல்லை பட்டாணி என்று அவருக்கு அவரே சொல்லிக்கொள்கிறார். இங்கே எனக்குப் பிடித்திருக்கிறது. நான் பதில் சொல்லவில்லை. ஜூன் பதினைந்துக்குள் சொல்ல வேண்டும்.

நீ என்ன நினைக்கிறாய்? தங்கவா, வரவா? நாம் பிரிந்திருக்கிறோம், உன்னிடம் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று எனக்குத் தெரியும். கேட்கிறேன்.

ஐலிஃப்


ஸ்வோல்வேர், 21 மே 1984

ஐலிஃப்,

எனக்குத் தெரியும்.

இரண்டாம் வாரமே தெரியும். கணக்கு வாத்தியார் துறைமுகத்தில் உன்னைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். நீயாகச் சொல்வாய் என்று மூன்று வாரம் காத்திருந்தேன். சாப்பாட்டு மேசையில் "இன்னைக்குக் கூட்டமா?" என்று தினமும் கேட்டேன். உன் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டேன். "கூட்டந்தான்" என்பாய். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவேன். உனக்கு ஒரு கதவைத் திறந்துவிடுகிறேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது பார்த்தால் அது கதவு இல்லை, பொறி. ஒரே ஒரு முறை, "வேலை போயிடுச்சாமே, வா, காப்பி குடிக்கலாம்" என்று சொல்லியிருக்கலாம். நானும் வாய் திறக்கவில்லை. இத்தனை கடிதத்தில் ஒன்றில்கூட இதை நான் எழுதவில்லை என்பதையும் கவனித்துக்கொள்.

உன் கேள்விக்கு ஒரு வாரம் யோசித்தேன். உனக்கு அங்கே பிடித்திருக்கிறது, உன்னை நம்புகிறார்கள், சம்பளம் வருகிறது. தங்கு என்று சொல்வதுதான் நியாயம். பேனாவை எடுத்து அதைத்தான் எழுதத் தொடங்கினேன். கை போகவில்லை.

தங்காதே.

இங்கே வேலை கிடைக்குமா, தெரியாது. ஒரே வீட்டில் இருக்க முடியுமா, அதுவும் தெரியாது. முதலில் என் தங்கையின் பழைய அறையில் நீ தங்கிக்கொள்ளலாம், அவள் போன மாதம் ஊரைவிட்டுப் போனாள். மூன்று வாரத்துக்கு ஒரு பதில் என்று இத்தனை நாள் போதுமானதாக இருந்தது, இப்போது போதவில்லை.

கப்பல் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று எழுது. பள்ளி இருக்கும் நாளானால் வகுப்பை மாற்றிக்கொள்வேன். தாமதமானால் துறைமுகத்தில் காத்திருப்பேன். எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்பதையும் உன்னிடம் சொல்லிவிடுவேன்.

யோருன்